ஒன்பதாவது கேள்வி

அமலராணியின் குரலைக் கேட்டவர்கள் திண்டுக்கல்லில் ஏராளம். முகத்தைக் கவனித்துப் பார்த்தவர்கள் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். 1993ஆம் வருடத்திலிருந்து பேருந்து நிலைய அறிவிப்பு அறையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். பழனி வண்டி எங்கே நிற்கிறது, வத்தலக்குண்டு வழியாகப் போகிற வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, யாருடைய பை யாரிடம் இருக்கிறது என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒலிபெருக்கிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் நடமாடுவார்கள். ஒருவரும் திருப்பி ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

சேவுகம்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரிக்காயும் போட்டுப் பிழைத்த குடும்பம். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்க இவள்தான் வேண்டும் என்று சாமியார் பிடிவாதம் பிடிப்பார். அப்படி ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்ட ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர்தான் வேலை கொடுத்தார். கல்யாணமாகி வந்தது திண்டுக்கல்லுக்கு. கணவன் அருள்நாதன் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். நல்ல மனுசன். புத்தகம் என்றால் மட்டும் தலைவலி வந்துவிடும்.

அறிவிப்பு அறையில் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவளும் அமலராணிதான். வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள மாட்டாள். எழுதி, கீழே பெயர் போட்டுக் கொடுக்க வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் எவனோ ஒரு குறும்புக்காரன் ஜன்னலில் சொன்னதை நம்பி, ஊரில் மதிப்பான ஒரு மனிதரை, "உங்கள் இரண்டாவது வீட்டார் மூன்றாம் நடைமேடையில் காத்திருக்கிறார்கள்" என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். முதல் வீட்டாரும் அப்போது பேருந்து நிலையத்தில்தான் இருந்தார்களாம். அன்றைக்கு வாங்கிய வசவில் பிறந்த சட்டம் அது.

இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே அவள் நாவல் படிப்பாள். நூலகத்திலிருந்து வாரம் இரண்டு. படித்ததைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. அருள்நாதனிடம் ஒருமுறை கதை சொல்லத் தொடங்கினாள். அவன் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை வழித்துத் தின்றுவிட்டு, "சரி, கடைசில அவ செத்தாளா பொழச்சாளா, அத மட்டும் சொல்லு" என்றான். அத்தோடு விட்டுவிட்டாள்.

2003இல் பேருந்து நிலையத்துக்கு எதிரே சாகுல் ஹமீது என்பவர் பிரவுசிங் சென்டர் ஒன்று திறந்தார். அதன் விளம்பரத்தை அமலராணி ஒரு மாதம் தினமும் வாசித்தாள். உலகமே உங்கள் விரல் நுனியில் என்று அறுநூறு தடவை சொன்னபிறகு, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. சாகுல் ஹமீது தமிழ் எழுத்துருவை ஏற்றிக் கொடுத்து, மின்னஞ்சல் ஒன்றும் தொடங்கிக் கொடுத்தார். தேடிப் போன இடத்தில் அகப்பட்டது 'பக்கத்துக்குப் பக்கம்' என்கிற வாசகர் குழு. நூற்றுச் சொச்சம் பேர் அதில் இருந்தார்கள். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஆளுக்கொரு மூலை. மாதம் ஒரு நாவல் படித்துக் கடிதம் கடிதமாக விவாதிப்பார்கள். ஆரம்பித்தவர் ஆனந்த்ராஜ், சென்னையில் ஒரு வங்கி அதிகாரி.

2004 ஜனவரியில் ஆனந்த்ராஜ் குழுவில் ஒரு வேண்டுகோள் போட்டார். விவாதம் ஆளுக்கொரு திசையில் இழுபடுகிறது, மாதாமாதம் கேள்விகள் தயாரித்து நடத்திச் செல்ல யாராவது முன்வர வேண்டும் என்றார். இரண்டு வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பதில் வராத இடத்தில் பேசுவது அமலராணிக்குப் பழகிப்போன வேலை. 'நான் செய்து பார்க்கட்டுமா' என்று எழுதினாள். கீழே 'அமலா' என்று கையெழுத்துப் போட்டாள்.

முதல் மாதம் மூன்றே மூன்று கேள்விகள் அனுப்பினாள். அடுத்த ஞாயிறு போய்ப் பெட்டியைத் திறந்தால் பத்தொன்பது பதில்கள். பதினோரு வருடம் ஊருக்கே பேசியவளுக்கு முதல் தடவையாக ஊர் பதில் சொல்கிறது. அந்தப் பத்தொன்பதையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே மறுபடி படித்தாள்.

அவளுடைய கேள்விகளில் மினுக்கல் கிடையாது. யார், என்ன, எங்கே என்று அறிவித்துப் பழகிய வாய் ஆயிற்றே. 'நாற்பத்தோராம் பக்கத்தில் அப்பா கதவைத் தட்டாமல் திரும்பிப் போகிறார். நீங்களாக இருந்தால் தட்டியிருப்பீர்களா?' இந்த மாதிரிதான் இருக்கும். பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதுகிறவர்கள்கூட இதற்கு மட்டும் சொந்தக் கதையை அவிழ்த்துவிடுவார்கள். ஒன்றில் மட்டும் அவள் கறார். தன் பதிலைச் சொல்ல மாட்டாள். நடத்துகிறவள் பதில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவள் கட்சி. குழுவில் பலரும் அவளை ஓய்வுபெற்ற பேராசிரியை என்றே நினைத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாகுல் ஹமீதுகூட, கேள்வியைப் படிப்பதற்காகவே குழுவில் சேர்ந்துகொண்டார்.

உண்மை தெரிந்தவள் சத்யபிரியா ஒருத்திதான். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த பெண், இருபத்தாறு வயது. நிச்சயமான கல்யாணம் நின்றுபோன சமயத்தில் அமலராணிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினாள். அமலராணி நாலு பக்கம் ஆறுதல் எழுதினாள். அதிலிருந்து வாரம் ஒரு கடிதம், எப்போதாவது தொலைபேசி. 'அக்கா, நீங்க எங்க வேலை பாக்குறீங்க' என்று சத்யபிரியா கேட்டபோது அமலராணி எதையும் மறைக்கவில்லை. அறையையும் மைக்கையும் பற்றி விவரமாக எழுதினாள். 'இதைவிடப் பெரிய பேராசிரியை யார் இருக்காங்க அக்கா' என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அமலராணி, சிறுமலை வாழைப்பழம் ஒரு பெட்டி சென்னைக்குப் பார்சல் போட்டாள்.

இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறவள் அல்லவா, அமலராணியின் கடிதங்களில் பிழை மலிந்திருக்கும். 'என்கிட்ட அனுப்புங்கக்கா, நான் திருத்திக் குழுவுல போடுறேன்' என்றாள் சத்யபிரியா. ஒரு வருடமாக அப்படித்தான் நடந்தது. கேள்விகள் முதலில் சத்யபிரியாவுக்குப் போகும், அவள் துடைத்துப் பொட்டு வைத்துக் குழுவுக்கு அனுப்புவாள்.

2006 ஆகஸ்டு மாதத்துக்கு ஒரு அண்ணன் தங்கை கதை. தங்கையின் கணவனுக்கு எதிராக அண்ணன் கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொல்கிறான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தவனுக்கு இலை போட்டுச் சோறு வைக்கிறாள். அமலராணி அந்த இடத்தை நாலு தடவை படித்தாள். பன்னிரண்டு கேள்விகள் எழுதினாள். ஒன்பதாவது இதுதான்: 'அன்றைக்கு அவள் ஏன் அவனுக்குச் சோறு போட்டாள்?'

கேள்விகள் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் சத்யபிரியாவிடமிருந்து கடிதம் வந்தது. இந்த மாதம் பலபேர் ஊரில் இல்லை, விவாதத்தை ஆனந்த்ராஜ் தள்ளிவைத்திருக்கிறார், கேள்விகள் என்னிடமே இருக்கட்டும், நீங்கள் நிம்மதியாக ஓய்வெடுங்கள் என்று எழுதியிருந்தாள். என்ன கரிசனம் என்று அமலராணி நெகிழ்ந்துபோனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு அறையின் இன்னொரு ஊழியர் ரம்ஜான் பீவிக்கு உறவில் ஒரு கல்யாணம். "விவாதம்தான் இல்லையே, நான் பாத்துக்கிறேன், நீ போய்ட்டு வா" என்று அமலராணி அந்த வேலையையும் ஏற்றுக்கொண்டாள்.

காலை எட்டரை இருக்கும். பொதுவாகச் சாமான் தொலைத்தவர்கள் வருகிற நேரம். சட்டையை இன் பண்ணிய ஒருவர் ஜன்னலுக்கு வந்தார்.

"மேடம், எங்க ஆளுங்க மூணு பேர் டீ குடிக்கப் போனவங்க இன்னும் வரல. வேன் காத்திட்டிருக்கு. கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

"எழுதிக் குடுத்திருங்க சார். கீழ ஒங்க பேரு."

அவரிடம் வெற்றுத்தாள் இல்லை. பையில் துழாவி, அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அமலராணி வாங்கிப் பார்த்தாள். 'சென்னையிலிருந்து வந்துள்ள பக்கத்துக்குப் பக்கம் குழுவைச் சேர்ந்த சத்யபிரியாவும் உடன் சென்ற இருவரும் உடனே வேன் நிற்கும் இடத்துக்கு வரவும். ஆனந்த்ராஜ்.'

அவள் தாளைத் திருப்பினாள்.

அது நிகழ்ச்சி நிரல். கொடைக்கானலில் இரண்டு நாள் வாசகர் சந்திப்பு. குழுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை, அழைப்பு ஆளாளுக்குத் தனியாகப் போயிருக்கிறது. சிறப்பு விருந்தினர் ஒரு பத்திரிகை ஆசிரியர். மதியம் இரண்டரைக்கு நாவல் விவாதம். 'கேள்விகள் தயாரிப்பும் வழிநடத்தலும்: சத்யபிரியா' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழே பன்னிரண்டு கேள்விகள். ஒரு எழுத்து மாறவில்லை. அடியில் சின்னதாக ஒரு வரி: 'அமலா அவர்கள் உடல்நலக் குறைவால் கலந்துகொள்ள இயலவில்லை.'

தனக்கு உடம்பு சரியில்லை என்பது அமலராணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

பன்னிரண்டையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். ஒன்றல்ல, எல்லாக் கேள்விகளும். திருத்தித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டவள், அக்கா அக்கா என்று வாய் ஓயாமல் அழைத்தவள். ஜன்னலுக்கு வெளியே ஆனந்த்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அமலா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைவிட, மைக்கைத் திறந்து ஊருக்கே சொல்லலாம். பன்னிரண்டையும் ஒன்றிலிருந்து வாசித்து, எழுதியவள் இங்கே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லலாம். விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

அழுத்தினாள். எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசித்தாள்.

"சென்னையிலிருந்து வந்துள்ள பக்கத்துக்குப் பக்கம் குழுவைச் சேர்ந்த சத்யபிரியா..."

பெயர் வந்த இடத்தில் குரல் ஒரு நொடி நின்றது. பதின்மூன்று வருடத்தில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. ஆனந்த்ராஜ் நன்றி சொல்லிவிட்டு வேனைப் பார்க்க ஓடினார். இரண்டாம் தடவை வாசித்து முடிப்பதற்குள் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. புகைப்படத்தில் பார்த்த முகம், கொஞ்சம் இளைத்திருந்தது. கையில் கொய்யாப்பழப் பை.

"அக்கா," என்றாள் சத்யபிரியா. தொலைபேசியில் கேட்ட குரலை அடையாளம் கண்டுகொண்டு வந்திருக்கிறாள். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஆச்சேக்கா."

அதுதான் அவள் முதலில் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை இவள் இங்கே இருக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த ஊர் வழியாக வந்திருக்கிறாள். மன்னிப்புக்கூட இரண்டாவதாகத்தான் வந்தது.

"ஆமா. விவாதம் இல்லன்னு சொன்னியா, அதான் டூட்டிக்கு வந்துட்டேன்."

"கோவப்படாதீங்கக்கா. அந்த எடிட்டர் வர்றார். நீங்க வந்தீங்கன்னா எல்லாரும் உங்களையேதான் சுத்தி உக்காருவாங்க. எனக்கு எழுதணும்னு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை நான் நடத்திப் பாக்கலாம்னு..."

"ஏங்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருப்பேன்."

சத்யபிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அமலராணி பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் பன்னிரண்டோடு இன்னும் நாலு சேர்த்துக் கொடுத்து, போய்ட்டு வா தாயி என்று வழியனுப்பியிருப்பாள். கொடுக்கக்கூடியவளிடம் போய்த் திருடியிருக்கிறாளே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வெளியே வேன் ஆரன் அடித்தது. சத்யபிரியா திரும்பிப் பார்த்தாள். போய்விடுவாள் என்று அமலராணி நினைத்தாள். அவள் ஜன்னலை நெருங்கி வந்தாள்.

"அக்கா, அந்த ஒன்பதாவது கேள்வி. அதுக்கு நீங்க என்ன நெனச்சீங்க? எனக்கு ஒண்ணுமே தோணல. எடிட்டர் கண்டிப்பா அதைத்தான் புடிப்பார்."

வேறு யாராக இருந்தாலும் ஜன்னல் கதவை முகத்தில் சாத்தியிருப்பார்கள். அமலராணியும் சாத்தியிருக்க வேண்டியதுதான். ஆனால் அவள் ஆயுசில், ஒரு ஆள் நேருக்கு நேர் நின்று ஒரு புத்தகத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்விக்காக அவள் வருடக்கணக்காகக் காத்திருந்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சாட்சி சொன்னதோட அண்ணங்கிற உறவு அவளுக்கு முடிஞ்சு போச்சு. அது அவளுக்கும் தெரியும். ஆனா அவன் இலைக்கு முன்னால உக்காந்து சாப்புடுற வரைக்கும் அவன் அண்ணந்தான். கைய கழுவிட்டு எந்திரிச்சா யாரோ. அதான் எந்திரிக்க விடாம இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கிறா, ரசம் ஊத்துறா, மோர் வேணுமாங்கிறா. பாசம்னு ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அத அன்னைக்கே செலவழிச்சுத் தீத்துட்டா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் கீழே பார்த்தாள். சத்யபிரியா பேனாவை எடுத்து, கொய்யாப்பழம் கட்டிய காகிதத்தின் ஓரத்தில் வேகவேகமாகக் குறித்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பர்க்கா," என்றாள். "இதை அப்படியே சொல்லிடுறேன்." பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கேள்விகள் போனதைக்கூட அமலராணி தாங்கிக்கொண்டிருப்பாள். இது தாங்கவில்லை. இதைத் திருடவில்லையே, இவளாகவே அள்ளிக் கொடுத்துவிட்டாளே. இரண்டரை வருடம் குழுவில் ஒருவருக்கும் சொல்லாமல் காத்துவைத்த பழக்கத்தை, தன்னை ஏமாற்றியவளுக்காக உடைத்துவிட்டாள். தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பழனி வண்டியை அன்று வேறு நடைமேடைக்கு அனுப்பி, நாலு பேரிடம் திட்டும் வாங்கினாள்.

சாயங்காலம் அருள்நாதனிடம் சொன்னாள். அவன் முழுக் கதையையும் கேட்டான், நடுவில் ஒரு தடவைகூட முடிவு என்ன என்று கேட்கவில்லை.

"கையில மைக்க வச்சுக்கிட்டு சும்மாவா இருந்த?" என்றான்.

"எழுதிக் குடுத்தத மட்டுந்தான் வாசிக்கணும்."

"இம்புட்டுக்கும் அவளுக்கு சிறுமலைப் பழத்த வேற பார்சல் பண்ணுன," என்றான் அருள்நாதன். அவனுக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் பட்டது. அதைச் சொல்லிவிட்டு, சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தான். அமலராணி அழுதாள்.

அடுத்த ஞாயிறு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். குழுவில் கொடைக்கானல் ஏரிப் படங்கள், நன்றிக் கடிதங்கள். ஆனந்த்ராஜ் சந்திப்பைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். ஒன்பதாவது கேள்விக்குச் சத்யபிரியா சொன்ன பதிலில் அறையே அமைதியாகிவிட்டதாம். அதைக் கட்டுரையாக எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறாராம். தனிப்பெட்டியில் சத்யபிரியாவின் கடிதம் ஒன்று இருந்தது. மன்னிப்பு மூன்று வரி. நாலாவது வரி இது: 'அடுத்த மாதக் கேள்விகளை எப்போது அனுப்புவீர்கள் அக்கா?'

அமலராணி அதற்குப் பதில் போடவில்லை. குழுவுக்கு எழுதினாள். யாருக்கும் அனுப்பித் திருத்தாமல், பிழையோடு, இரண்டு விரலால் எழுதினாள். ஒரு கேள்விக்கு அவள் தன் பதிலைக் குழுவில் சொன்னது அன்றுதான்.

'ஒன்பதாவது கேள்விக்குக் கொடைக்கானலில் சொல்லப்பட்ட பதில் தவறு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அவள் சோறு போட்டதில் பாசம் எதுவும் இல்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தே பழகிய கை, அன்றும் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான். மறுநாள் அவன் வந்தபோது அவள் என்ன செய்தாள் என்று நாவலில் இல்லை. கதவைத் திறந்திருக்கமாட்டாள். திண்டுக்கல் பேருந்து நிலைய அறிவிப்பாளர் அமலராணி என்கிற அமலா. உடம்புக்கு ஒன்றுமில்லை.'

அனுப்பிவிட்டு, குழுவிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிச் சாகுல் ஹமீதிடம் கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அவர் சாலையைத் தாண்டி ஜன்னலுக்கே வந்துவிட்டார். "அக்கா, நீங்க எழுதுனதுக்கு நாப்பத்தோரு பதில் வந்திருக்கு. குழு ஆரம்பிச்சதுலேருந்து இம்புட்டு வந்ததில்ல. எல்லாத்தையும் அச்செடுத்துட்டு வந்திருக்கேன்."

தடிமனான கட்டு. அமலராணி அதைக் கையில் வாங்கவில்லை.

"வேணாம்ணே. எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி சாலையைத் தாண்டிப் போனார். அந்த நாற்பத்தொன்றில் ஒன்றைக்கூட அவள் படிக்கவே இல்லை.